மேலே போகும் பந்தைத் தள்ளுவது யார்?

செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து ஒன்று கையை விட்டுப் பிரிந்து இன்னும் மேலேறிக்கொண்டிருக்கிறது. காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டாம். இந்த நொடியில் அந்தப் பந்தின்மீது செயல்படும் விசைகள் எவை? வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைப் பலரிடமும் கேட்டுவருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். பொறியியல் பட்டம் பெற்று நல்ல வேலையில் இருக்கும் உறவினர்களிடமும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலோர் தயங்காமல் இரண்டு அம்புக்குறிகள் வரைகிறார்கள். கீழ்நோக்கிய அம்பு புவியீர்ப்பு விசை. மேல்நோக்கிய அம்பு ‘எறிந்த விசை’. பந்து ஏற ஏற எறிந்த விசை தேய்ந்துகொண்டே வருகிறதாம். உச்சியில் இரண்டும் சமமாகிவிடுகின்றனவாம். அதன்பின் ஈர்ப்பு விசையின் கை ஓங்குவதால் பந்து இறங்குகிறதாம். கேட்பதற்குக் கோவையாக இருக்கும் இந்த விளக்கத்தில் ஒரே ஒரு குறைதான் உண்டு: மேல்நோக்கிய விசை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. கை விட்ட கணத்திலிருந்து மீண்டும் கைக்கு வந்து சேரும் கணம்வரை பந்தின்மீது செயல்படுவது ஈர்ப்பு விசை ஒன்றுதான். ஏறும்போதும், உச்சியிலும், இறங்கும்போதும் அது அதே அளவில், அதே திசையில்தான் இருக்கிறது.

தவறான விடை சொல்கிறார்கள் என்பது என்னை உறுத்தவில்லை. அதே பிள்ளைகள் நியூட்டனின் முதல் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள் என்பதுதான் உறுத்துகிறது. புறவிசை ஒன்று செயல்பட்டு மாற்றாத வரையில் ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், சீராக இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டே இருக்கும் என்று ஒரு சொல் பிசகாமல் சொல்வார்கள். சொல்லி முடித்த கையோடு, உச்சியில் பந்தின்மீது விசைகள் சமமாகிவிடுகின்றன என்றும் வரைவார்கள். அங்கே ஒரு கணம் பந்தின் திசைவேகம் சுழியாகிறது. அப்போது விசைகளும் சமமாகிவிட்டால், அவர்கள் ஒப்பித்த விதியின்படியே பந்து அந்தரத்தில் அப்படியே நின்றுவிட வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, ‘ஒரு நொடிதான் சமம், அப்புறம் மாறிவிடும்’ என்று ஒட்டுப்போடுகிறார்கள். ஒப்பிக்கிற விதியும் வரைகிற படமும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று பார்க்காமலே குடியிருக்கின்றன.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட் என்ற ஆய்வாளர் பொறியியல் மாணவர்களிடம் சுண்டிவிடப்பட்ட நாணயத்தைப் பற்றி ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடைகளை 1982ஆம் ஆண்டு வெளியிட்டார். மிகப் பெரும்பாலோர் மேல்நோக்கிய அம்பு ஒன்றை வரைந்திருந்தார்கள்; இயக்கவியல் பாடத்தை ஒரு பருவம் முழுக்கப் படித்து முடித்த பிறகும் பலர் அதைக் கைவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 1992இல், டேவிட் ஹெஸ்டினஸும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய வினாக்களை மட்டுமே கொண்ட ஒரு தேர்வை உருவாக்கினார்கள். அதில் சூத்திரம் தேவையில்லை, கணக்கும் இல்லை. நான்கைந்து விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்தால் போதும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்ற பேராசிரியர் அதைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தபோது, ஒரு மாணவி எழுந்து கேட்ட கேள்வி கற்பித்தல் குறித்துப் பேசுவோரிடையே மிகவும் பிரபலம்: இதற்கு நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி எழுதவேண்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதவேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாராம். நேர்மையான கேள்வி. நம் வகுப்பறைகளில் அதைக் கேட்க வேண்டிய தேவையே எழுவதில்லை. ஏனென்றால் நம் வினாத்தாள் பிள்ளைகள் வழக்கமாக என்ன நினைக்கிறார்கள் என்று விசாரிப்பதே இல்லை. விதியைக் கூறுக என்பது ஒரு வினா. நிறையையும் முடுக்கத்தையும் கொடுத்து விசையைக் கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொரு வினா. 2 கிலோகிராமை 3 மீ/வி² என்பதால் பெருக்கி 6 நியூட்டன் என்று எழுத, விசை என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

தருபவர் பெயரை எழுது

கடந்த அரையாண்டு விடுமுறையில் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம், திசையில் நிலைமம் என்று மூன்றையும் எடுத்துக்காட்டுடன் சொல்லக்கூடிய பெண். அவளும் இரண்டு அம்புகளைத்தான் வரைந்தாள். அளவுகோல் வைத்து, மேல் அம்பைச் சற்று நீளமாகவே வரைந்தாள். தவறு என்று சொல்லாமல் ஒரு நிபந்தனை மட்டும் விதித்தேன்: எந்த அம்பை வரைந்தாலும், அந்த விசையைத் தருபவர் யார் என்று பக்கத்தில் எழுத வேண்டும், அந்தத் தருபவர் இந்தக் கணத்தில் அங்கே இருக்க வேண்டும், முன்பு இருந்தவர் கணக்கில் சேரமாட்டார். விசை என்பது ஒரு பொருள் இன்னொரு பொருள்மீது செலுத்துவது. தானாக நிற்கும் விசை கிடையாது; ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் முடியாது. கீழ் அம்புக்குப் பக்கத்தில் ‘பூமி’ என்று எழுதினாள். மேல் அம்புக்குப் பக்கத்தில் ‘கை’ என்று எழுதப்போனவள் நிறுத்திவிட்டாள். கைதான் விட்டுவிட்டதே. காற்று தள்ளுகிறதா என்று யோசித்தாள். காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேறு எதுவும் பந்தைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மனமில்லாமல்தான் மேல் அம்பை அழித்தாள். அழித்துவிட்டுக் கேட்டாள்: “அப்போ ஏன் சித்தி அது மேல போகுது?”

இந்தக் கேள்வியில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வகுப்பில் இதை எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்கும் நிலைக்கு அவர்களை நாம் கொண்டுபோவதும் இல்லை. இதற்கு நியூட்டனின் விதி தரும் விடை விசித்திரமானது. ஏன் மேலே போகிறது என்பதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை என்கிறது அது. கை விடும்போது பந்துக்கு மேல்நோக்கிய திசைவேகம் இருந்தது. யாரும் தலையிடாவிட்டால் அது அப்படியே இருக்கும். காரணம் சொல்லப்பட வேண்டியது, அது ஏன் மெதுவாகிறது என்பதற்குத்தான். அதற்கு ஒரு தருபவர் இருக்கிறார், பூமி. அவர் பெயரைத்தான் அவள் ஏற்கெனவே எழுதிவிட்டாளே. இயக்கத்துக்குக் காரணம் கேட்பதை நிறுத்திவிட்டு, இயக்கத்தில் ஏற்படும் மாற்றத்துக்குக் காரணம் கேட்கத் தொடங்குவதுதான் முதல் விதி. பாடப்புத்தகத்தில் அது ஒரு செய்தியைப்போல அச்சாகியிருக்கிறது. இனிமேல் எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அது கட்டளையிடுவதை நாம் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

கேரம் பலகையில்

அவளுக்கு உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை; வரவும் கூடாது. பதினைந்து ஆண்டுகள் அவள் வாழ்ந்த உலகத்தில் தள்ளாத வண்டி நகர்ந்ததில்லை, மிதிக்காத சைக்கிள் சற்று தூரத்தில் நின்றுவிடுகிறது, கட்டிலைச் சுவரோரம் தள்ளும்போது கையை எடுத்த அடுத்த கணமே அது அசையாமல் கிடக்கிறது. இயக்கம் தொடர வேண்டுமானால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது உராய்வு நிறைந்த உலகத்தைக் கவனமாகப் பார்த்த ஒருவர் எட்டக்கூடிய நியாயமான முடிவு. அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட்டு விதியை எழுதிப்போடுவதால்தான் விதி ஏட்டிலும் அனுபவம் தலையிலும் தங்கிவிடுகின்றன. உராய்வையும் பொருளின்மீது செயல்படும் விசைகளுள் ஒன்றாகப் பார்க்க வைத்தால் ஒழிய இந்த முடிச்சு அவிழாது.

வீட்டில் கேரம் பலகை இருந்தது. பவுடர் போடாமல் பழைய பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால், எதிர்ப்பக்கச் சட்டத்தைத் தொடுவதற்குள் இழுத்துப் பிடித்ததுபோல நின்றுவிடுகிறது. போரிக் பவுடரைத் தூவித் துணியால் ஒரு முறை தேய்த்துவிட்டு, ஏறக்குறைய அதே வலுவில் சுண்டினால், எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பிப் பாதி தூரம் வருகிறது. விரல் கொடுத்தது ஏறக்குறைய அதேதான். விரல் விட்ட பிறகு ஸ்ட்ரைக்கரைத் தள்ள யாரும் இல்லை என்பதும் அதேதான். மாறியது ஒன்றே: நிறுத்துகிறவரின் பலம் குறைந்திருக்கிறது. பவுடரைக் கூட்ட முடிந்து, பலகையையும் சட்டமில்லாமல் நீட்டிக்கொண்டே போக முடிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். “நிக்காது” என்றாள். யாரும் தள்ளாமலா? “ஆமா, நிறுத்த ஆள் இல்லையே.” அந்த இடத்தில் அவள் சொன்னது முதல் விதி, அவள் ஒப்பித்துவந்ததும் அதுவேதான் என்று அவளுக்கே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

கலிலியோ செய்ததும் இந்த நீட்டிப்புத்தான். ஒரு சரிவில் உருட்டிவிட்ட குண்டு எதிர்ச்சரிவில் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறுகிறது. எதிர்ச்சரிவின் சாய்வைக் குறைத்தால், அதே உயரத்தை எட்ட அது அதிகத் தொலைவு போக வேண்டியிருக்கிறது. சாய்வே இல்லாமல் சமதளமாக்கிவிட்டால்? எட்ட வேண்டிய உயரம் வரவே போவதில்லை. எனவே நிற்கவும் காரணம் இல்லை. முழுக்க வழவழப்பான தளத்தை அவரும் பார்த்ததில்லை. பார்க்கக் கிடைத்தவற்றை வரிசைப்படுத்தி, அந்த வரிசை எதை நோக்கிப் போகிறது என்று பார்த்தார்.

நல்ல துணை

அக்கா மகள் அழித்த அந்த மேல் அம்புக்கு நீண்ட பரம்பரை உண்டு. எறியப்பட்ட பொருளுக்குள் எறிந்தவரின் விசை தங்கியிருந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து, எடைக்குச் சமமாகி, பிறகு எடையிடம் தோற்கிறது என்ற விளக்கத்தை கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் சொன்னதாக, பின்னாளில் வந்த உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ் குறித்து வைத்திருக்கிறார். எறிபொருளைப் பின்னாலிருந்து காற்றுதான் தள்ளுகிறது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை ஆறாம் நூற்றாண்டில் மறுத்த அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸும், பொருளுக்குள் பதியும் ஒரு ஆற்றலைத்தான் மாற்றாக முன்வைத்தார். பதினான்காம் நூற்றாண்டுப் பாரிஸில் பூரிதான் என்ற அறிஞர் அதை மேலும் செம்மைப்படுத்தினார். வியப்பு என்னவென்றால், பீசாவில் இளம் ஆசிரியராக இருந்த கலிலியோ 1590ஐ ஒட்டி எழுதி, தம் வாழ்நாளில் வெளியிடாமலே வைத்திருந்த இயக்கம் பற்றிய கையெழுத்துப் படியில், மேலே எறிந்த பொருளுக்குத் தந்திருந்த விளக்கமும் இதேதான்: பதிந்த விசை தேய்கிறது, உச்சியில் சமமாகிறது, பிறகு எடை வெல்கிறது. 1638இல் லைடனில் அச்சான அவருடைய கடைசி நூலில் இந்தக் கருத்து மீண்டும் தலைகாட்டுகிறது. ஆனால் அதைச் சொல்வது உரையாடலில் வரும் சக்ரேதோ. கலிலியோவின் குரலாகப் பேசும் சல்வியாத்தி, காரணத்தை ஆராய இது நேரமில்லை, வேகம் எப்படி மாறுகிறது என்பதை முதலில் அளப்போம் என்று அதை ஓரமாக வைத்துவிடுகிறார். தம் இளமைக் காலக் கருத்தை இவ்வளவு மரியாதையோடு வழியனுப்பிவைத்த அறிஞர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். கலிலியோவுக்கே இவ்வளவு காலம் பிடித்த ஒன்றை நாம் நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் முடித்துவிட்டு அடுத்த விதிக்குப் போகிறோம்.

சல்வியாத்தி சொன்னபடி அளந்துதான் பார்த்தோம். மொட்டை மாடிச் சுவரில் பத்துச் சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகச் சுண்ணக்கட்டியால் கிழித்து, நல்ல வெயிலில் டென்னிஸ் பந்தை நேர்மேலே எறியவைத்து, கைப்பேசியில் படம்பிடித்தோம். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 ஃபிரேம். மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை நிறுத்தினால் பந்து 0.1 நொடிக்கு ஒருதரம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். நொடிக்கு 4.9 மீட்டர் வேகத்தில் கையை விட்ட பந்து என்றால், ஒவ்வொரு 0.1 நொடியிலும் அது ஏறவேண்டிய உயரம் கணக்குப்படி 44.1, 34.3, 24.5, 14.7, 4.9 சென்டிமீட்டர், உச்சியைத் தாண்டியதும் இறங்கவேண்டியது 4.9, 14.7, 24.5 என்று அதே வரிசை தலைகீழாக. எங்கள் அளவுகள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்பின்னாக இருந்தன, சாரம் மாறவில்லை. அடுத்தடுத்த எண்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஏறும்போது 9.8, உச்சியைக் கடக்கும்போது 9.8, இறங்கும்போதும் 9.8. இறக்கத்தைக் குறைக்குறியோடு எழுதினால் இது கண்ணில் அறையும். உச்சியில் தனியாக எதுவும் நடக்கவில்லை. சமநிலை, வெற்றி, தோல்வி எதற்கும் அந்தப் பட்டியலில் தடயம் இல்லை. மேல் அம்பு ஒன்று இருந்து அது தேய்ந்துகொண்டே வந்திருந்தால், இந்த வேறுபாடு இடத்துக்கு இடம் மாறியிருக்க வேண்டும். உச்சியிலிருந்து தொடங்கி அந்த இடைவெளிகளை 4.9ஆல் வகுத்துப் பார்க்கச் சொன்னேன்: 1, 3, 5, 7, 9. சாய்தளத்தில் உருளும் குண்டுக்குக் கலிலியோ கண்டுபிடித்த ஒற்றைப்படை எண்களின் வரிசை இதுதான். கடிகாரமே சரியாக இல்லாத காலத்தில், பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே வடிந்த நீரை நிறுத்துப் பார்த்து அவர் நேரத்தை அளந்தார். எங்களிடம் கைப்பேசி இருந்தது.

எறியப்பட்ட சந்திரயான்

அன்று இரவு அத்தான் ஒரு கேள்வி கேட்டார். நிலவு ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்துக்குச் சந்திரயானில் எரிபொருள் எப்படிப் போதுமாக இருந்தது? காரில் பயணம் செய்கிற எவருக்கும் தோன்றக்கூடிய கேள்விதான் இது. காரின் எஞ்சின் சக்கரங்களுக்குத் தரும் ஆற்றலில் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் காற்றோடும் சாலையோடும் மல்லுக்கட்டுவதற்கே செலவாகிறது. அங்கே தொலைவுக்கு ஏற்ப எரிபொருள் என்ற கணக்குச் சரியே. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட சந்திரயான்-3, பூமியைப் பலமுறை சுற்றிவந்து, ஆகஸ்ட் 1 அன்று எஞ்சினை எரித்து நிலவை நோக்கிய பாதையில் ஏறியது. ஆகஸ்ட் 5 அன்று நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. இடையிலிருந்த நாள்களில் பெரும்பகுதி நேரம் எஞ்சின் அணைந்தே கிடந்தது. தள்ளுவாரில்லாமல், நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் தொடங்கி, பூமி பின்னால் இழுக்க இழுக்க வேகம் குறைந்துகொண்டே அது போயிற்று. மாடியில் நாங்கள் எறிந்த பந்தின் கதைதான்; உயரம் மட்டும் அதிகம். எஞ்சின் மீண்டும் தேவைப்பட்டது வேகத்தையோ திசையையோ மாற்றத்தான். ஆகஸ்ட் 23 மாலை தரையிறங்கிய அந்த இருபது நிமிடங்களில் எஞ்சின்கள் எரிந்ததும் தரையிறங்கு கலமான விக்ரமை மெதுவாக்குவதற்கே. நிலவில் காற்றில்லாததால் பாராசூட் உதவாது.

தருபவர் பெயரை எழுதும் பழக்கம் மற்ற இடங்களிலும் கைகொடுக்கிறது. ஓட்டுநர் பிரேக் போட்டதும் பேருந்தில் நிற்பவர் முன்னால் சாய்கிறார். அவரை முன்னால் தள்ளிய விசை எது என்று கேட்டால் பலரும் ஏதோ ஒரு பெயர் வைப்பார்கள். தருபவரைத் தேடினால் யாரும் இல்லை. பேருந்தின் தளம் அவர் பாதங்களைப் பின்னோக்கி இழுக்கிறது. உடல் பழைய வேகத்திலேயே போகிறது, அவ்வளவுதான். மேசைமேல் இருக்கும் புத்தகத்தின் எடையும் மேசை அதைத் தாங்கும் விசையும் மூன்றாம் விதியின் இணை என்று அச்சிட்டிருக்கும் கைடுகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர்களை எழுதினாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் இணை புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குகிறது என்றால் அதன் இணை புத்தகம் மேசையை அழுத்துவது. இணை விசைகள் ஒரே பொருளின்மீது ஒருபோதும் செயல்படா. இதற்கு மேல் மூன்றாம் விதியைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

விடுமுறை முடிவதற்குள் அவளாகவே ஒரு விரிவாக்கம் செய்தாள். காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது? அதைச் சேர்த்துக்கொண்டால் என்ன ஆகும்? இறகுப்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடியின் மேலிருந்து கீழே போட்டாள். கீழே நின்று நான் படம்பிடித்தேன். முதல் சில இடைவெளிகள் டென்னிஸ் பந்தைப்போலவே கூடிக்கொண்டு வந்தன. பிறகு கூடுவது குறைந்தது. தரையை நெருங்கும்போது ஏறக்குறைய சமமாகிவிட்டன, 0.1 நொடிக்கு அறுபது சென்டிமீட்டரைச் சற்றே தாண்டி. இறகுப்பந்தின் முற்றுத்திசைவேகம், அதாவது விழும்போது இறுதியில் எட்டி அதற்குமேல் கூடாமல் நிலைக்கும் வேகம், நொடிக்கு ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதோடு இது பொருந்தியது. தாளில் அவள் மீண்டும் இரண்டு அம்புகள் வரைந்தாள், இம்முறை சம நீளத்தில். கீழ் அம்புக்குப் பக்கத்தில் ‘பூமி’, மேல் அம்புக்குப் பக்கத்தில் ‘காற்று’. அத்தான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இரண்டும் சமம் என்றால் இறகுப்பந்து அந்தரத்தில் நிற்க வேண்டாமா, அப்புறம் ஏன் கீழே வருகிறது என்று கேட்டார். அவள் கேரம் பலகையை எடுக்கப் போனாள்.